அவர் உடம்பு தாங்காது!

“அவருக்கு வேண்டாங்க அம்மா, எனக்கே பண்ணிடுங்க. உழைக்கிற ஆளு; அவர் உடம்பு தாங்காது!”

பிள்ளை பெற்று ஒரு பகலும் ஓர் இரவுமே கழிந்திருந்த தாய் ஒருத்தி, செவிலியிடம் கெஞ்சிய குரல் இது. உடன் பணியாற்றும் ஆசிரியை ஒருவரைக் காணச் சென்றிருந்தோம். பக்கத்துக் கட்டிலிலிருந்து எழுந்தது இக்குரல். கெஞ்சியவள் நூற்பாலைத் தொழிலாளி. ஏழாம் மாதம் வரையில் எந்திரத்தின் முன் நின்று நூல் பிணைத்தவள். இரண்டு பேறு கண்டவள். இரண்டிலும் தையல் கண்டவள். அவள் குறிப்பிட்ட ‘அவர்’ யார் என்று பார்த்தோம். தாழ்வாரத்தில், கையில் பிளாஸ்க்குடன் நின்றுகொண்டிருந்தார். தூண் போன்ற தோள். உலக்கை போன்ற கை. அந்த உடம்புதான் தாங்காதாம்!

செவிலி மறுத்துரைக்கவில்லை, வியப்பும் அடையவில்லை. தாளை எடுத்தார், பெயரை எழுதினார், அடுத்த கட்டிலுக்கு நகர்ந்தார். நாள்தோறும் கேட்கும் பாட்டுக்கு யார் வியப்படைவர்?

இந்தத் ‘தாங்காமை’யைத்தான் இன்று நாம் ஆராய வேண்டியுள்ளது. கருத்தடை வேண்டுமா வேண்டாவா என்பது பழைய வழக்கு. அதிலே நாம் வென்றுவிட்டோம். கருத்தடையின் வலியை, குருதியை, தலைச்சுற்றலை, தழும்பை யார் தாங்குவது என்பது புது வழக்கு. இதிலே இன்னும் வாதமே தொடங்கவில்லை.

முதலில் அந்த இரு அறுவைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். பெண்ணுக்குச் செய்வது, வயிற்றைத் திறந்து உள்ளே சென்று கருக்குழாய்களைக் கட்டி வெட்டுவது, அல்லது கருவியை உட்செலுத்தி வளையமிட்டு அடைப்பது. குடலும் குருதிக் குழாய்களும் அடுத்திருக்கும் இடம் அது. மயக்க மருந்தும் வேண்டும். ஆணுக்குச் செய்வது, விதைப்பையின் தோலில் அந்த இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்து, சிறு துளையிட்டு, விந்தணு செல்லும் குழாயைத் துண்டிப்பது. வயிற்றைத் தொடுவதே இல்லை. 1974இல் சீன மருத்துவர் லீ ஷுன்ச்சியாங் கண்ட முறையில் கத்தியும் இல்லை, தையலும் இல்லை. இருபது நிமிடம், அன்றே நடந்து வீடு திரும்பலாம். இரண்டில் எளியது, இடர் குறைந்தது, செலவு சுருங்கியது ஆணுக்குச் செய்வதே என்பதில் மருத்துவ உலகில் கருத்து வேறுபாடு கிடையாது.

நாடு எதைத் தேர்ந்தது? 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் மணமான பெண்கள் நூற்றுவரில் ஏறத்தாழ 38 பேர் அறுவை செய்துகொண்டவர்கள். கணவன் அறுவை செய்துகொண்டதாகக் கூறியோர் நூற்றுக்கு அரைப்பேர்கூட இல்லை; 0.3. பகுத்தறிவுப் பாசறை என்று நாம் பெருமை பேசும் தமிழ்நாட்டிலோ, பெண்கள் பங்கு ஏறத்தாழ 58. ஆண்கள் பங்கு? நாடு கண்ட 0.3ஐயும் நாம் எட்டவில்லை. தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரி 1.8 பிள்ளை என்று அதே ஆய்வு கூறுகிறது. அந்தப் புள்ளியை மேடைதோறும் முழக்குகிறோம். முழக்கலாம், ஆனால் அந்தப் புகழ் கல்வெட்டிலே பொறிக்கப்படவில்லை, தோழர்களே! நம் அன்னையர், அக்காமார், அண்ணிமார் அடிவயிற்றிலே பொறிக்கப்பட்டிருக்கிறது.

பழைய வழக்கைச் சற்றே நினைவூட்டுவோம். 1877இல் இலண்டனில், கருத்தடை பற்றிய சிறுநூலை அச்சிட்ட குற்றத்துக்காக நாத்திகர் பிராட்லாவும் அன்னி பெசன்ட்டும் வழக்குமன்றத்தில் நிறுத்தப்பட்டனர். அந்தக் காரணத்தையும் நாத்திகத்தையும் காட்டி, மறு ஆண்டு பெசன்ட்டிடமிருந்து அவர் மகளையே பிரித்தனர். அதே அம்மையார் பின்னாளில் பிரம்மஞானம் புகுந்து, 1891இல் தாமெழுதிய கருத்தடை நூலைத் தாமே விலக்கிக்கொண்டு, நம் அடையாற்றுக்கு வந்து சேர்ந்தார் என்பது தனிக் கதை. அறிவு ஆன்மிகத்துக்கு ஆட்பட்டால் என்ன ஆகும் என்பதற்கு வேறு சான்று தேடி அலைய வேண்டாம். 1916இல் நியூயார்க்கில் கருத்தடை நிலையம் திறந்த மார்கரெட் சாங்கர் சிறை சென்றார். அவரே 1935 டிசம்பரில் வார்தாவுக்கு வந்து காந்தியாரிடம் வாதாடினார். காந்தியார் தந்த விடை புலனடக்கம்! மருந்தும் கருவியும் வேண்டா, மனத்தை அடக்குக என்றார். அடக்க வேண்டியவன் அடக்காதபோது வயிறு பெருப்பது யாருக்கு என்பதற்கு அந்த ஆசிரமத்தில் விடை இருக்கவில்லை.

பெரியார் பேசியது வேறு மொழி. நாட்டின் வறுமை நீங்க, தாயின் உடல்நலம் காக்க, சொத்து சிதறாதிருக்க என்று பிறர் கருத்தடைக்குக் காரணம் தேடிய காலத்தில், பெண் விடுதலை பெறவே கருத்தடை வேண்டும் என்று ‘பெண் ஏன் அடிமையானாள்?’ நூலில் அவர் வாதிட்டார். மற்றவர் காரணத்துக்கும் நம் காரணத்துக்கும் உள்ள இந்த வேறுபாடு சிறியதன்று. நாட்டுக்காகக் கருத்தடை என்றால், நாடு ஒரு நாள் பிள்ளை வேண்டாம் எனும், மறுநாள் பிள்ளை வேண்டும் எனும்; இருநாளும் கணக்கெழுதும் ஏடு பெண்ணின் வயிறாகவே இருக்கும். விடுதலைக்காகக் கருத்தடை என்றால்தான், அந்த விடுதலைக்கு அவள் கொடுக்கும் விலை என்ன என்ற கேள்வியே பிறக்கும்.

விலையைப் பார்ப்போம். நாம் படித்தது வரலாறு, மருத்துவமன்று. ஆயினும் வரலாறு கற்றவனுக்கும் இங்கே வேலை உண்டு. ஏனெனில் பக்கவிளைவு என்பது மருந்தில் மட்டும் இல்லை, மருந்தின் வரலாற்றிலும் இருக்கிறது.

1956இல் போர்ட்டோ ரீக்கோ தீவின் ஏழைக் குடியிருப்பொன்றில் கருத்தடை மாத்திரையைப் பெருமளவில் சோதித்தார்கள். செல்வர் மாளிகையில் சோதிக்கவில்லை என்பதைக் கவனிக்க. உட்கொண்ட பெண்களில் பலருக்கு, தாம் ஒரு சோதனையின் பொருள் என்பதே தெரிவிக்கப்படவில்லை. சோதனையை நடத்திய மருத்துவர் எட்ரிஸ் ரைஸ்-ரே ஒரு பெண்மணி. நூற்றுக்கு 17 பேருக்குக் குமட்டல், தலைச்சுற்றல், தலைவலி, வாந்தி. மாத்திரை கருவைத் தடுக்கிறது, ஆனால் இத்தனை தொல்லையுடன் இதை ஏற்க முடியாது என்று அவர் எழுதினார். ஆய்வுத் தலைவர் கிரெகரி பின்கஸ் அதைப் பெரிதாகக் கொள்ளவில்லை; பெரும்பகுதி மனப்பிரமை என்றார். பெண் வலிக்கிறது என்றால் பிரமை! 1960இல் மாத்திரை கடைக்கு வந்தது. அதிலிருந்த ஈஸ்ட்ரோஜன் 0.15 மில்லிகிராம். இன்று நம் அரசு இலவசமாகத் தரும் மாலா-என் மாத்திரையில் 0.03 மட்டுமே. அதாவது முதல் தலைமுறைப் பெண்கள், தேவைக்குப் பன்மடங்கு மிகுந்த மருந்தை விழுங்கி, நரம்பில் குருதி உறைந்து, சிலர் மாண்டு, அடுத்த தலைமுறைக்கு அளவைக் கற்றுக்கொடுத்தனர்.

1970இல் அமெரிக்க மேலவையில் மாத்திரையின் தீங்குகளைப் பற்றி விசாரணை நடந்தது. மாத்திரை உண்ட பெண் ஒருத்தியைக்கூடச் சாட்சியாக அழைக்கவில்லை. பார்வையாளர் பகுதியிலிருந்த இளம்பெண்கள் எழுந்து நின்று, எங்களை ஏன் கேட்கவில்லை என்று முழங்கினர். அந்த முழக்கத்தின் பயனாகவே, மாத்திரையுடன் அதன் தீங்குகளைக் கூறும் தாள் வைக்க வேண்டும் என்ற விதி அங்கே அவ்வாண்டு பிறந்தது. இன்று மாத்திரைப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் மெல்லிய தாளைப் படிக்காமல் எறிபவர்கள், அது எப்படி வந்தது என்பதையாவது அறிந்து எறியட்டும்.

இதைக் கூறுவதால் மாத்திரை நஞ்சு என்று நாம் சொல்வதாக எவரும் கொள்ள வேண்டாம். நஞ்சென்று கூவுவது வைதிகர் வேலை. இன்றும் அவர்கள் மாத்திரை உண்டால் மலடாவாய் என்று அச்சுறுத்துகிறார்கள். அது பொய். நிறுத்தினால் கருவுறும் ஆற்றல் மீள்கிறது. கருப்பைப் புற்றும் சூலகப் புற்றும் வரும் வாய்ப்பை மாத்திரை குறைக்கவும் செய்கிறது. ஆனால் 35 வயது கடந்து புகைப்பவருக்கும், இரத்த அழுத்தம் மிகுந்தவருக்கும், பார்வை மங்கி வரும் ஒற்றைத் தலைவலி உடையவருக்கும் அது ஆகாது. மார்பகப் புற்று வாய்ப்பு சிறிதளவு கூடுகிறது. காப்பர் டி பத்தாண்டு காக்கும், உடலின் சுரப்புகளைத் தொடாது. ஆயினும் மாதப்போக்கும் இடுப்பு வலியும் மிகும், குருதிச் சோகை உள்ள பெண்ணை அது மேலும் வாட்டும். ‘அந்தரா’ என்ற பெயரில் 2017 முதல் அரசு தரும் ஊசி மூன்று மாதம் காக்கும். மாதப்போக்கு தாறுமாறாகும் அல்லது நின்றேபோகும், எலும்பின் அடர்த்தி குறையும், நிறுத்திய பின்னும் கருவுறப் பல மாதம் பிடிக்கும். இலக்னோ ஆய்வுக்கூடத்தில் பிறந்து 1991இல் ‘சகேலி’ என்று விற்பனைக்கு வந்த மாத்திரையில் சுரப்பு மருந்தே கிடையாது. மாதப்போக்கு தள்ளிப்போவதே அதன் முதன்மைக் குறை. ஆணுறைக்கு, ரப்பர் ஒவ்வாதவர் நீங்கலாக, உடலில் ஒரு விளைவும் இல்லை. நோயையும் அதுவே தடுக்கும். அதை அணிய ஆடவருக்கு உள்ள ஒரே தடை, அணிய விருப்பமில்லை என்பதுதான்!

இனி, நம் சிந்தனையை நெடுநாள் அலைக்கழித்த நிகழ்ச்சி ஒன்று. ஆணுக்கும் ஒரு கருத்தடை ஊசி கண்டார்கள். பல நாடுகளில் 320 ஆடவர் முன்வந்து போட்டுக்கொண்டார்கள். கரு தடைப்பட்டது, மாத்திரைக்கு நிகராகவே தடைப்பட்டது. ஆனால் முகப்பரு, ஊசியிட்ட இடத்தில் வலி, மனச்சோர்வு, மனக்கொந்தளிப்பு. 2011இல் பாதுகாப்புக் குழு சோதனையை நிறுத்தியது. 2016இல் முடிவு வெளியாயிற்று. ஊசி போட்டுக்கொண்ட ஆடவரில் முக்காற்பங்கினருக்கு மேல், இது கிடைத்தால் தொடர்ந்து போட்டுக்கொள்ள விரும்புவோம் என்று கூறியிருந்தார்கள். ஆடவர் ஆயத்தம், அறிஞர் குழு ஆயத்தமில்லை!

குழுவினரை எள்ளி நகையாடிவிட்டுப் போவது எளிது. நாம் அப்படிச் செய்யமாட்டோம். அவர்களிடம் ஒரு வாதம் உண்டு. மனச்சோர்வு சிறு செய்தியன்று; சிலருக்கு விந்து உற்பத்தி ஓராண்டு கழிந்தும் திரும்பவில்லை. அதற்கும் மேலாக, மருத்துவ அறம் இப்படி எடைபோடுகிறது: ஒரு மருந்து தரும் தீங்கு, அது தடுக்கும் தீங்கைவிடக் குறைவாயிருத்தல் வேண்டும். மாத்திரை உண்ணாத, கருவுறாத பெண்கள் பதினாயிரவரில் ஆண்டுக்கு 1 முதல் 5 பேருக்கு நரம்பில் குருதி உறைகிறது. மாத்திரை உண்போரில் 3 முதல் 9 பேருக்கு. கருவுற்றோரில் 5 முதல் 20 பேருக்கு. பிள்ளை பெற்ற முதல் வாரங்களில் 40 முதல் 65 பேருக்கு. ஆகவே கருவைவிட மாத்திரை தீது குறைந்தது. அவளுக்கு அது தகும். ஆணோ கருவுறுவதில்லை. அவன் தட்டில் எடைக்கல்லே கிடையாது. எனவே அவனுக்கு ஒரு முகப்பருவும் மிகைதான்.

கேட்கையில் சரி போலவே தோன்றும் வாதம். இதில் பிழை எங்கே? ஒவ்வோர் உடலையும் தனித்தனியே நிறுத்தி எடைபோடுவதில் இருக்கிறது. கரு ஒருத்தியின் தனிச்செயலால் விளைவதா? இருவர் கூடி விளைவித்த ஒன்றைத் தடுக்கும்போது மட்டும், இயற்கை அவள் மீது ஏற்றிய பாரத்தையே காரணமாக்கி, மருந்தின் பாரத்தையும் அவள் மீதே ஏற்றுவதா? ஏற்கெனவே சுமப்பவள் என்பதால் இன்னும் சுமக்கட்டும் என்பது வண்டிமாட்டுக்குச் சொல்லும் நீதியாயிற்றே!

பிறர் நலனுக்காக, தனக்கு வராத தீங்கைத் தடுக்க, தன் உடலில் ஊசி ஏற்பதை மருத்துவம் ஒப்புவதே இல்லையா? ஒப்புகிறது. நம் பள்ளிகளிலேயே ஒப்பியது. 2017 பிப்ரவரியில் தமிழ்நாடெங்கும் தட்டம்மை–ரூபெல்லா தடுப்பூசி போட்டார்களே, நினைவிருக்கிறதா? ரூபெல்லா ஒரு சிறுவனுக்கு வந்தால் இரண்டு நாள் காய்ச்சல், சிறிது தடிப்பு, அவ்வளவே. கருவுற்ற பெண்ணுக்கு வந்தால்தான் பேரிடர். பிறக்கும் பிள்ளைக்குக் கண்ணும் காதும் இதயமும் கெடும். ஆயினும் சிறுமியருக்கு மட்டும் போதும் என்று சொல்லவில்லை. சிறுவர்களையும் வரிசையில் நிறுத்தினார்கள். என்றோ, எங்கோ, எவளோ ஒருத்தி சுமக்கப்போகும் கருவைக் காக்க, பத்து வயதுப் பையன் சட்டைக் கையைச் சுருட்டிக் கை நீட்டினான். ஊசி வலிக்கு அழுதான். ஆனால் என் உடலுக்கு இதில் பயன் என்ன என்று வழக்காடவில்லை. அந்தப் பையன் வளர்ந்து கணவனானதும் அவன் உடம்பு தாங்காததாகிவிடுமோ? தலைவர்கள் பிறந்தநாளில் நம் தோழர்கள் முன்பின் அறியாதவருக்காக 350 மில்லி குருதி கொடுத்துவிட்டு, பிஸ்கட்டும் பழச்சாறும் அருந்திச் சிரித்தபடி படம் எடுத்துக்கொள்கிறார்கள். அறியாதவருக்குக் கொடுப்பது அறம் என்றால், அருகிலிருப்பவளுக்குக் கொடுப்பது எது?

இங்கே ஒரு தோழியர் நம்மை மறித்துக் கேட்டார்: “கருத்தடையை ஆணிடம் ஒப்படைத்தால், என் கருப்பையின் சாவியை மீண்டும் அவன் இடுப்பில் செருகுவதாகாதா? பெரியார் அதைப் பிடுங்கித் தந்ததெல்லாம் இதற்குத்தானா?” கூர்மையான கேள்வி, உடனே விடை கூற முடியாமல் திகைத்தோம். எண்ணிப் பார்க்கையில் தெளிவாவது இது: முடிவு செய்யும் உரிமை வேறு, வலி ஏற்கும் கடமை வேறு. முன்னது முழுதும் அவளுடையது. கணவனை நம்ப இயலாதவள், நம்ப விரும்பாதவள், மணமாகாதவள், இவர்களுக்கெல்லாம் எந்த வழியும் எவர் ஒப்புதலும் இன்றிக் கிடைக்க வேண்டும். தீங்குகள் அனைத்தையும் அறிந்தே அவள் தேர்ந்தெடுக்கவும் வேண்டும். ஆனால் இருவர் சேர்ந்து இனிப் பிள்ளை வேண்டா என்று முடிவெடுத்த இல்லத்தில், உரிமை உன்னுடையது, ஆகவே கத்தியும் உன்னுடையது என்று ஆண் நழுவுவானாயின், அவன் அவள் உரிமையை மதிப்பவன் அல்லன். அதற்குப் பின்னே ஒளிந்துகொள்பவன். மேலும், ஆணின் அறுவை மறைபொருளன்று. மூன்று மாதம் கழித்து விந்தைச் சோதித்தால் அணு உண்டா இல்லையா என்பது தாளில் வந்துவிடும். வாய்ச்சொல்லை நம்ப வேண்டியதில்லை. அதுவரை ஆணுறை வேண்டும். இதைத் தெளிவாகக் கூறாமல் விட்டு, இடையில் கருவுற்றால், ஊர் யாரைப் பழிக்கும்? அறுவை தவறியதென்று சொல்லாது. அவள் தவறினாள் என்று சொல்லும். “எனக்கே பண்ணிடுங்க” என்று பெண்கள் முந்திக்கொள்வதன் பின்னே இந்த அச்சமும் இருக்கிறது என்பதைப் பள்ளி ஓய்வறையில் மூத்த ஆசிரியை ஒருவர் சொல்லித்தான் நாம் அறிந்தோம்.

ஆண்களைப் பிடித்து இழுத்துச் சென்று செய்யலாமே என்று கேட்கும் அவசரக்காரரும் உளர். அந்தக் கொடுமையை நாடு பார்த்தது. நெருக்கடிநிலைக் காலத்தில், 1976–77 ஓராண்டில் மட்டும் ஏறத்தாழ 62 இலட்சம் ஆடவருக்கு அறுவை. பலருக்குக் கட்டாயத்தின் பேரில். 1977இல் ஆட்சியே கவிழ்ந்தது. அதன்பின் எந்த அரசும் ஆண்களை நெருங்க அஞ்சிற்று. முகாம்களின் வாயில் பெண்கள் பக்கம் திரும்பிற்று. 2014 நவம்பரில் சத்தீஸ்கரின் பிலாஸ்பூர் மாவட்டத்தில், ஒரே முகாமில், ஒரே மருத்துவர், சில மணி நேரத்தில் 83 பெண்களுக்கு அறுவை செய்தார். பன்னிரண்டு பேருக்கு மேல் மாண்டனர். 2016இல் உச்ச நீதிமன்றம் இத்தகைய முகாம்களை மூன்றாண்டுக்குள் ஒழிக்க ஆணையிட்டது. ஆணுக்கு இழைத்த கொடுமைக்கு ஓர் ஆட்சி விழுந்தது. பெண்கள் மாண்டதற்கு ஒரு தீர்ப்பு வந்தது. இரண்டையும் எடைபோட்டுப் பார்க்கிறோம், மனம் ஆறவில்லை.

எஞ்சி நிற்பது ‘ஆண்மை’ அச்சம். குழாயைத் துண்டித்தால் ஆண்மை போகும் என்று அஞ்சுவோர் அறிக: ஆண்மைச் சுரப்பு அந்தக் குழாய் வழியே செல்வதில்லை, குருதி வழியே செல்கிறது. துண்டிப்பதால் மீசை உதிராது, குரல் மெலியாது, இன்பம் குறையாது. சில நாள் வீக்கமும் வலியும் உண்டு. நூற்றுவரில் ஓரிருவருக்கு வலி நீடிப்பதும் உண்டு. மறைக்கவில்லை. பேயில்லை என்று சுடுகாட்டிலே இரவுக் கூட்டம் போடும் தோழர், இந்த இருபது நிமிடத்தை நினைத்தால் வேர்க்கிறார்! பெண்ணுக்குத் தருவதைவிடக் கூடுதலாக ஆணுக்கு ஊக்கத்தொகை தருகிறார்கள். நவம்பர் தோறும் அதற்கென்றே இருவார விழா நடத்துகிறார்கள். சுவரொட்டி ஒட்டுவதில் வல்லவர்களான நாம், அந்தச் சுவரொட்டியை மட்டும் படிக்காமல் கடக்கிறோம். நமக்கு இன்னும் மணமாகவில்லை. ஆகவே பேசுவது எளிது என்று தோழர்கள் நகைக்கலாம். நகைக்கட்டும். இதை அச்சிலே எழுதி வைப்பது, நாளை நம்மிடமே காட்டி நம் வாயை அடைக்க உதவும்.

அன்று மருத்துவமனையைவிட்டுப் புறப்படும்போது தாழ்வாரத்திலிருந்த அந்த ‘அவரை’ நெருங்கிப் பேசினோம். சந்தையில் மூட்டை தூக்குபவராம். ஆணுக்கும் அறுவை உண்டு, எளிது என்றோம். எத்தனை நாள் வேலைக்குப் போகக்கூடாது என்று கேட்டார். இரண்டு நாள் ஓய்வு. ஒரு வாரம் பாரம் தூக்கக்கூடாது என்றோம். ஒரு வாரக் கூலி என்று தமக்குள் முணுமுணுத்தார். அது உண்மையான இழப்புதான். ஊக்கத்தொகை உண்டு என்பதையும் சொன்னோம். சற்று நேரம் பிளாஸ்க்கின் மூடியைத் திருகிக்கொண்டே நின்றவர், “இதை எங்கிட்ட யாருமே கேக்கலையே சார்” என்றார்.

உள்ளே சென்று மனைவியிடம் ஏதோ பேசினார். அவள் தலையை அசைத்து மறுத்ததைத் தொலைவிலிருந்து கண்டோம். மறுநாள் காலை எட்டு மணிக்கு அவளை அறுவை அறைக்கு அழைத்துச் சென்றதாக, நம் ஆசிரியை பின்னர் கூறினார்.